ஆழம் பத்தாத கோலம்

அன்புள்ள வாசகர்களே, எல்லாரும் சௌக்கியம்தானே? இங்கே கிள்ளானில் தினமும் சாயந்தரம் மழை, பாதித் தெருவுக்கு இருமல். உங்கள் பக்கமும் அப்படித்தான் என்றால் ஐஸ் போட்டுக் குடிப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். பிள்ளைகள் சொன்னால் கேட்க மாட்டார்கள், நீங்களாவது கேளுங்கள். எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம்.

எங்கள் கடைவீட்டில் எனக்குக் கீழ் மாடியில் இருக்கும் இராஜம்மாவுக்கு இந்தத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் நடந்ததைச் சொல்லாமல் அடுத்த வருஷத்துக்குள் போக எனக்கு மனசு வரவில்லை.

இராஜம்மாவுக்குக் கோலம்தான் தொழில். வாசலில் இழுக்கிற மாக்கோலம் இல்லை. அரிசிக்குச் சாயம் ஏற்றி, காயவைத்து, மயிலும் தாமரையுமாகத் தரையில் நிரப்புகிற அரிசிக் கோலம். கல்யாணம், கடைத் திறப்பு என்று யாராவது கூப்பிடுவார்கள். ஆனால் பெரிய வேலை என்றால் தீபாவளிக்குத் தீபாவளி ஒரு பேரங்காடியின் நடுக்கூடத்தில் போடுவதுதான். மூன்று மாடிக் கம்பியிலும் சாய்ந்துகொண்டு ஜனங்கள் அதைத்தான் பார்ப்பார்கள். கூட வேலை செய்ய டெங்கிலிலிருந்து நல்லம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் பஸ் ஏறி வருவார்கள். குடியிருந்து வேலை செய்த ரப்பர் தோட்டம் கைமாறிப் போய், அவர்களை அடுக்குமாடியில் ஏற்றி வைத்த பிறகு, வருஷத்தில் அவர்களை யாராவது பேர் சொல்லி வேலைக்குக் கூப்பிடுவது இதற்கு மட்டும்தான்.

இந்த வருஷம் ஆர்டர் கேட்கப் போனபோது பேரங்காடியின் மேனேஜர் மிஸ் லிம் கையை விரித்துவிட்டார்.

“ஆன்டி, திஸ் இயர் கெனோட் லா. ஹெட் ஆபீஸ் பாலிசி. எல்லாரும் இன்டர்நெட்ல இருந்துதான் வரணும்.”

“நான் கிள்ளான்ல இருந்துதானே வரேன்?” என்றாள் இராஜம்மா.

மிஸ் லிம் பொறுமையாக விளக்கினார். தலைமை அலுவலகத்தில் ஒருவர் கம்ப்யூட்டரில் ‘கோலம்’ என்று தட்டித் தேடுவார். முதல் பக்கத்தில் யார் யார் வருகிறார்களோ அவர்களைத்தான் விலை கேட்பார்கள். இத்தனை வருஷமாகப் போட்டவள் எதிரில் வந்து நிற்பது கணக்கில் சேராது.

“எனக்கு உங்களத் தெரியுது ஆன்டி. கம்ப்யூட்டருக்குத் தெரியல. ஸோ சாரி.”

வீட்டுக்கு வந்து ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல் இராஜம்மா சைபர் கஃபே விஜயனிடம் ஓடினாள். விஜயன் நல்ல பையன் என்று சொல்ல வந்தேன். அவனுக்கே கல்யாண வயதில் தங்கை இருக்கிறாள், பையன் என்று சொல்லக் கூடாது. நல்ல மனிதர். ராப்பகலாக உட்கார்ந்து அவளுக்கு ஒரு வெப்சைட் செய்துகொடுத்தார். திறந்தால் நாதஸ்வரம் ஊதும். இரண்டு குத்துவிளக்கு மினுக்மினுக்கென்று எரியும். ஒரு மயில் குறுக்கே நடந்து போய்த் திரும்பி வராது. அடியில் எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று எண் ஓடும்.

“இத்தன பேர் பாத்திருக்காங்களே விஜயா!”

“பாதி நான்க்கா. மீதி, நீங்க இப்ப அமுக்கு அமுக்குன்னு அமுக்கினது.”

தேடிப் பார்த்தால் எங்கேயும் வரவில்லை. பக்கம் பக்கமாகத் தள்ளினார். யார் யாரோ வந்தார்கள், இராஜம்மா வரவில்லை.

“இன்டர்நெட்டு பெரிய பாசார் அக்கா. நீங்க கடை போட்டுட்டீங்க. ஆனா பின்பக்கச் சந்துல, கதவச் சாத்திக்கிட்டுப் போட்டிருக்கீங்க. தேடினா வர்ற மாதிரி செய்யறதுக்குன்னே பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு வாரியம் வச்சிருக்காங்க. அவங்க பதிஞ்சாத்தான் ஏறும்.”

வாரியத்தின் முழுப்பெயர் சிறுவணிக இணையத் தோற்ற வாரியம். துணைக்கு நானும் போனேன். பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சுற்றினோம். பூக்கடையில் தெரியவில்லை, தபால்காரருக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர், “அவங்களா? நம்ம கடைக்கு மேலதான். குழாயில தண்ணி வரலைன்னா வாளியோட எறங்குவாங்க,” என்றார். மாடிப்படி இருட்டில் பெயர்ப்பலகை இருந்தது. இடம் போதாததால் ‘தோற்ற வாரியம்’ என்பதை மட்டும் பெரிதாக எழுதியிருந்தார்கள். தோற்றம் தருகிற வாரியம் என்ற பொருளில்தான் வைத்தார்களாம். நாமாக வேறு மாதிரி படித்துக்கொண்டால் அதற்கு அவர்கள் பொறுப்பில்லை.

தலைவர், ‘டத்தோ’ பட்டம் வாங்கிய குமரப்பன், எங்கள் இரண்டு பேரைப் பார்த்ததும் எழுந்து நின்று, இருநூறு பேர் உட்கார்ந்திருப்பதுபோல் தொண்டையைச் செருமினார்.

“சகோதரிகளே! தெரிவதே வாழ்வு, தெரியாமை சாவு! தெரிவது எப்படின்னு இந்த வாரியம் இதுவரைக்கும் எத்தனையோ மாநாடு நடத்தியிருக்கு. கடைசி மாநாடு லங்காவியில. அஞ்சு நட்சத்திர ஹோட்டல். ஒருத்தர்கூட வரல. ஏன்? மாநாடு நடக்கிறதே யாருக்கும் தெரியல! அதுலேர்ந்து நமக்கு என்ன புரியுது? இந்த நாட்டுக்கு நம்ம சேவை எவ்வளவு அவசியம்னு புரியுது!”

இராஜம்மா பயந்துபோய்க் கைதட்டினாள்.

“டத்தோ, ஒண்ணு கேக்கலாங்களா? இன்டர்நெட்ல தேடினா இந்த வாரியம் வருங்களா?”

“நாங்க தேட வைக்கிறவங்கம்மா. எங்கள எதுக்குத் தேடணும்? போலீஸக் காணோம்னு யாராச்சும் போலீஸ்ல ரிப்போட் குடுப்பாங்களா?”

எங்களை அதிகாரி அய்யாவுவிடம் அனுப்பிவைத்தார். அய்யாவு நெற்றியில் பட்டையும் கழுத்தில் டையுமாக மரியாதையான மனிதர். இராஜம்மாவின் வெப்சைட்டைத் திறந்தார். நாதஸ்வரம் முடியும்வரை எழுந்து நின்றார்.

“அக்கா, பக்கத்துக்கு அடியில ‘கோலம்’ங்கிற வார்த்தைய நூறு தடவ எழுதணும். தேடுற மெஷின் அத எண்ணும். உங்க பக்கம் வெள்ளையா? அப்ப எழுத்தும் வெள்ளையிலதான் எழுதணும்.”

“வெள்ளத் தரையில வெள்ள மாவா? யாரு கண்ணுக்குத் தெரியும் தம்பி?”

“யாரு கண்ணுக்கும் தெரியக் கூடாது அக்கா. அப்பத்தான் நீங்க எல்லாருக்கும் தெரிவீங்க.”

இராஜம்மா என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

அடுத்தது, எந்தப் பிரிவில் பதிவது என்பது. வாரியத்தின் கம்ப்யூட்டர் மலாயில்தான் யோசிக்கும். மலாயில் கோலம் என்றால் குளம். அய்யாவு தட்டியதும் அது நான்கைக் கொடுத்தது: நீச்சல் குளம், மீன் குளம், குளியல் குளம், ஈயம் தோண்டிய பள்ளத்துக் குளம்.

“எது அக்கா உங்களது?”

“தம்பி, இது கொளம் இல்ல. கோலம். வாசல்ல போடுறது.”

“எனக்குத் தெரியாதா? காலையில என் சம்சாரம் போட்டதத் தாண்டித்தானே ஆபீசுக்கு வந்தேன். எனக்கு நல்லாத் தெரியும் அக்கா. சிஸ்டத்துக்குத் தெரியாது.”

“அப்ப நீங்க அதுக்குச் சொல்லுங்க.”

“அது சொல்லி நாங்க கேக்கணும். நாங்க சொல்லி அது கேக்குற வழக்கம் இல்ல.” அவர் தட்ட ஆரம்பித்துவிட்டார். “தற்காலிகமா நீச்சல் குளத்துல போடுறேன். மீன் குளத்துல போட்டா இன்னொரு டிபார்ட்மென்ட் தலையிடும்.”

“பின்னால மாத்திக்கலாந்தானே?”

“தாராளமா. ஆனா தற்காலிகமா இருக்கிறத மாத்த முடியாது. மொதல்ல அதிகாரிங்க வந்து பாத்து உறுதி செய்யணும். தப்பு உறுதியானாத்தான் அக்கா அதத் திருத்த முடியும்.”

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. இராஜம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. தலையாட்டிவிட்டு வந்தாள்.

அந்த வாரமே போன் வர ஆரம்பித்தது. முதலில் கூப்பிட்டவர் ஷா ஆலமிலிருந்து ஒரு பெரியவர். நான் பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் மலாயில் பேசியதைத் தமிழில் தருகிறேன். ‘கோலம்’ என்ற சொல்லை மட்டும் தொடவில்லை, ஏனென்றால் தொல்லையே அதுதான்.

“வீட்டுக்கு ஒரு கோலம் வேண்டும். எத்தனை அடி செய்வீர்கள்?”

“பன்னிரண்டு அடி வரைக்கும் போடுவேன்.”

“பன்னிரண்டு அடியா! பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களே?”

“பிள்ளைகள் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கினால் கோலம் கெட்டுப்போகும்.”

“தண்ணீர் எப்போது மாற்ற வேண்டும்?”

“தண்ணீரா? தண்ணீர் பட்டால் அவ்வளவுதான்.”

“பிறகு எப்படிச் சுத்தம் செய்வது?”

“விடிந்ததும் துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடலாம்.”

அவர் மிகவும் நாகரிகமாக நன்றி சொல்லிவிட்டு வைத்தார். மற்றவர்கள் அவ்வளவு நாகரிகமாக இல்லை.

உறுதி செய்ய ஒரு வெள்ளிக்கிழமை அய்யாவு வந்தார். கூட வேலாயுதம் என்று நீர்நிலைத் தணிக்கையாளர். பார்த்தால் புரிந்துவிடும் என்று நினைத்து இராஜம்மா விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து ஹாலில் ஒரு மயில் கோலம் போட்டு வைத்திருந்தாள். தோகைக்கு மட்டும் ஏழு நிறம். வேலாயுதம் செருப்பைக் கழற்றினார். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டார். அப்புறம்தான் உள்ளே வந்தார்.

“தண்ணி எங்கம்மா?”

“தண்ணி இல்லைங்க. அரிசிங்க.”

“தண்ணி இறைக்கப்பட்ட நிலை,” என்று எழுதிக்கொண்டார். பையிலிருந்து ஓர் அளவுகோலை எடுத்து மயிலின் கழுத்தில் செருகினார். “ஆழம் அரை இஞ்சு.” ஒரு சின்னக் காகிதத்தை நனைத்து மயிலின் கொண்டையில் வைத்தார். அது சிவப்பானது. “குளோரின் கொஞ்சம் தூக்கல்.”

“அது சாயங்க!”

“உயிர்காப்பாளர் யாரு?”

இராஜம்மாவின் வீட்டுக்காரர் பக்கிரிசாமி லோரி ஓட்டுபவர். போர்ட் கிள்ளானிலிருந்து அப்போதுதான் வந்து ஓரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றுக் கையைத் தூக்கினார்.

“நான்தான் சார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவகிட்டேர்ந்து உயிரக் காப்பாத்திக்கிட்டுதான் இருக்கேன்.”

“நீந்தத் தெரியுமா?”

“இந்தக் கொளத்துல எவ்வளவு நேரம் வேணாலும் நீந்துவேன்.”

“மிதவை வளையம்?”

பக்கிரிசாமி கீழே போய் லோரி டயரின் உள்டியூபைக் கொண்டுவந்து சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். வேலாயுதத்துக்குத் திருப்தி. கடைசிக் கேள்வி எல்லாரையும் கேட்பதுதானாம்: “ஒய்டூகே. ரெண்டாயிரம் வருஷம் பொறந்த அந்த நிமிஷத்துல கம்ப்யூட்டரெல்லாம் நின்னுபோயிடுமாம். உங்க கோலமும் நின்னுபோயிடுமா?”

“அது ஓடவே இல்லீங்களே.”

“ஓடாதது நிக்காது. பாஸ்,” என்றார் வேலாயுதம்.

போகும்போது கதவருகில் நின்று அய்யாவு அந்த மயிலைத் திரும்பிப் பார்த்தார். “ரொம்ப அழகா இருக்கு அக்கா,” என்று மெதுவாகச் சொன்னார். வேலாயுதம் கேட்டுவிடக் கூடாதென்று நினைத்திருப்பார்.

நான் பொய் சொல்லவில்லை, வாரியம் சொன்னதைச் செய்தது. அடுத்த முறை விஜயன் ‘கோலம்’ என்று தட்டியதும், முதல் பக்கம், முதல் இடம், இராஜம்மா. நீச்சல் குளம், கிள்ளான். விஜயன் சைபர் கஃபேயில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் நுரைக்க நுரைக்க ஆற்றிய தே தாரே வாங்கிக் கொடுத்தார். இராஜம்மா குடிக்கவில்லை. நேராகப் பிரிக்பீல்ட்ஸுக்கு ரயில் ஏறினாள், நானும் முழங்காலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே.

“தம்பி, தப்பு உறுதியாயிருச்சு. இப்ப திருத்துங்க.”

அய்யாவு எழுந்து கதவைச் சாத்தினார்.

“அக்கா, நான் உங்க தம்பி மாதிரி சொல்றேன். இப்பத் திருத்தினா புதுப் பிரிவு தொறக்கணும். அது அடுத்த வருஷ மாநாட்டுல முடிவாகும். அது வரைக்கும் நீங்க எங்கயுமே வர மாட்டீங்க. அதுவுமில்லாம...” குரலை இறக்கினார். “இத்தன வருஷத்துல இந்த வாரியம் மொதப் பக்கத்துக்குக் கொண்டுவந்தது உங்க ஒருத்தரத்தான். மேலிடத்துக்கு ரிப்போட் போயிருச்சு. டத்தோ உங்களுக்கு விருது குடுக்கப் போறாரு.”

“எதுக்கு விருது?”

“அதிகம் தெரிகின்ற நீச்சல் குளம்.”

விருதைக் கொடுத்தார்கள். கண்ணாடியில் செய்த நீலத் துளி. டத்தோ அதைக் கொடுக்கும்போது, “இந்த அம்மாவோட குளத்த நான் பாத்ததில்ல. பாக்க வேண்டிய அவசியமும் இல்ல. தெரியுது, அது போதும்!” என்றார். நாற்காலிகள் கைதட்டவில்லை, அங்கே வேறு யாரும் இல்லை.

மிஸ் லிம் கூப்பிட்டது அதற்கு மறுவாரம். “மிஸ் லிம்மா!” என்று இராஜம்மா போட்ட சத்தம் மேல் மாடியில் எனக்குக் கேட்டது. இறங்கி ஓடினேன்.

“ஆன்டி! நீங்க நம்பர் ஒன்ல வந்தீங்க! ஹெட் ஆபீஸ் பாத்துட்டாங்க. பட் ரிஜெக்ட்.”

“ஏன் மிஸ்?”

“டூ ஷாலோ, ஆன்டி. அரை இஞ்சுதான்னு போட்டிருக்கு. குறைஞ்சது ரெண்டு அடி வேணுமாம்.”

“அது கொளம் இல்ல, அரிசின்னு நீங்க சொல்லக் கூடாதா? உங்களுக்குத் தெரியுமே!”

“சொன்னேன் ஆன்டி, சத்தியமா. ‘கொளத்துக்குள்ள ஏன் அரிசியக் கொட்டினாங்க?’ன்னு கேட்டாங்க.”

இராஜம்மா போனை வைத்தாள். பக்கிரிசாமி என்ன என்பதுபோல் பார்த்தார்.

“ஆழம் பத்தலையாம்,” என்றாள்.

வேலை முதல் பக்கத்தில் இரண்டாவதாக வந்த கம்பெனிக்குப் போனது. அவர்கள் நிஜமாகவே நீச்சல் குளம் கட்டுகிறவர்கள். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை பேரங்காடியின் நடுக்கூடத்தில், எங்கே மயில் இருக்குமோ அங்கே, ஒரு நீல பைபர் தொட்டி. தண்ணீர். பிளாஸ்டிக் தாமரை. சிவப்பு வெள்ளைப் புள்ளி போட்ட மீன்கள். மேலே பேனர்: ‘தீபாவளி மாபெரும் கோலம்’. திறந்துவைத்தவர் டத்தோ குமரப்பன்.

“நம் பண்பாடு மூழ்கிவிடும் என்றார்கள்,” என்றார் மைக்கில், இந்த முறை எழுதிவைத்துக்கொண்டு. “இதோ, இணையத்தின் தயவால் மிதக்கிறது!”

முதல் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பார்த்தோம். கும்பல் கும்பலாக வந்தவர்கள் கூடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். செக்யூரிட்டியிடம் கேட்டார்கள். அவர் தொட்டியைக் காட்டினார். அவர்கள் தண்ணீரை எட்டிப் பார்த்தார்கள். அடியில் ஏதாவது வரைந்திருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். அப்புறம் பிள்ளைகளை முன்னால் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் நல்லம்மாளும் அந்த மூன்று பெண்களும் வந்தார்கள். இராஜம்மா அவர்களிடம் சொல்லவே இல்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாளாம். அவர்களோ எப்போதும்போல வீட்டில் அரிசிக்குச் சாயம் ஏற்றி, அடுக்குமாடி நடைபாதையில் காயவைத்து, நிறத்துக்கு ஒரு பையாக டெங்கிலிலிருந்து இரண்டு பஸ் மாறித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நல்ல சேலை கட்டியிருந்தார்கள்.

இராஜம்மா இறங்கிப் போய்ச் சொன்னாள். நல்லம்மாள் தன் பையைத் தூக்கிக்கொண்டாள். தொட்டி அருகில் போனாள். பையைப் பிரித்து ஒரு பிடி சிவப்பரிசியை எடுத்து, கோலத்துக்கு விடுவதுபோலவே விரலிடுக்கில் விட்டாள். அது மூழ்கியது. அடியில் போய் ஒரு குவியலாகக் கிடந்தது. மீன்கள் வந்தன. பச்சையை விட்டாள். அதற்கும் வந்தன.

செக்யூரிட்டி ஓடிவந்தார். நம்ம ஆள்தான்.

“ஆன்டி, மீனுக்குத் தீனி போடக் கூடாது.”

“தீனி இல்ல தம்பி. கோலம்.”

அவர் அவளைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார்.

“கோலம் அங்க இருக்கே ஆன்டி,” என்றார்.

பஸ் நிறுத்தம்வரை எல்லாரும் சேர்ந்துதான் நடந்தோம். மிச்சப் பைகளை ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டோம். பஸ் ஏறும்போது நல்லம்மாள் திரும்பி, “அடுத்த வருஷம் எப்ப வரணும்?” என்று கேட்டாள். கதவு சாத்திக்கொண்டது. அது நல்லதுதான்.

இராஜம்மா இன்னும் முதல் பக்கத்தில் முதல் இடத்தில்தான் இருக்கிறாள். நேற்றுகூட போன் வந்தது. யாரோ பூச்சோங்கில் வீடு கட்டுகிறார்களாம், கோலம் வேண்டுமாம். முன்பெல்லாம் மூச்சுப் பிடித்து விளக்குவாள். இப்போது இல்லை. “ஆழம் பத்தாதுங்க,” என்று ஒரே வார்த்தை, வைத்துவிடுகிறாள்.

சரி, என் பாட்டைப் பாடிவிட்டேன். உங்களை எந்த ஆபீஸ் என்னவாகப் பதிந்து வைத்திருக்கிறது? ஆளை மாடாக்கினார்களா, கடையைக் கல்லறையாக்கினார்களா? நடந்ததை நடந்தபடி எழுதி எனக்கு அனுப்புங்கள். கையால் எழுதித் தபாலில் போட்டாலும் சரி. இன்டர்நெட்டில் என்னைத் தேட வேண்டாம், கிடைக்க மாட்டேன். கிடைத்தாலும் அது நானாக இருக்காது.